பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருந்தது

போன டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். 114 மில்லிமீட்டர் கண்ணாடி, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம், ஈக்யூ மவுண்ட் (வானம் சுழல்கிற போக்கிலேயே குழாயைத் திருப்பும் தாங்கி), 25, 10, 4 மில்லிமீட்டரில் மூன்று ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), கூடவே பெரிதாக்குவதை 3 மடங்கு கூட்டும் பார்லோ லென்ஸ் ஒன்று, எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். நாலு மாதம் ஆகிவிட்டது, இனி எழுதலாம். இந்த மாதிரிப் பொருளுக்கு வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் "பெட்டி பத்திரமாக வந்தது, குழந்தைகள் சந்தோஷம், ஐந்து நட்சத்திரம்" என்ற ரகம். எங்கள் வீட்டில் சந்தோஷமும் வந்தது, வாக்குவாதமும் வந்தது, கடைசியில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்காரும்படி ஆகிவிட்டது. அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். கம்பெனி பேரையும் விற்றவர் பேரையும் சொல்லவில்லை, இந்த அளவுக் குழாய் எந்தப் பேரில் வந்தாலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

முதலில் அந்த 675, அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கணக்கு. குவியத் தூரத்தை ஐபீஸ் அளவால் வகுத்தால் அது வரும். தொள்ளாயிரத்தை 4ஆல் வகுத்தால் 225, பார்லோ அதை மூன்று மடங்காக்கினால் 675, கணக்கில் பொய் இல்லை. ஆனால் 114 மில்லிமீட்டர் கண்ணாடி தாங்குவது, மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்ற கணக்கில், 228 வரைதான், அதுவும் காற்று அசையாத ராத்திரியில். அதைத் தாண்டினால் வியாழன் பால் மேல் ஆடை மாதிரி நெளியும். பார்லோவையும் 4 மில்லிமீட்டரையும் பெட்டியிலேயே தூங்கவிடுங்கள். 25ஐப் போட்டால் 36 மடங்கு, 10ஐப் போட்டால் 90 மடங்கு, நாலு மாதமும் இந்த இரண்டை வைத்தே ஓட்டினேன்.

இரண்டாவது நாளே உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியின் ஸ்க்ரூ ஒன்று கழன்று குழாய்க்குள் கடகடவென்று உருண்டது. விற்றவருக்குப் போன் போட்டால், "பெட்டியப் பிரிச்சிட்டீங்களே சார்" என்கிறார். பிரிக்காமல் நட்சத்திரம் பார்ப்பது எப்படி என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. நானே மூக்குக் கண்ணாடிக் கடை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்து மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க இரண்டு கண்ணாடியையும் நேராக்கினேன்.

பெரிய குறை மவுண்ட். இதை வாங்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். ஈக்யூ மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைதான் வடக்கே, ஆக துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும் (கையை நீட்டி முஷ்டி பிடித்துப் பாருங்கள், அது ஏறக்குறைய 10 பாகை). திருப்பாலையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் எதிர்வீட்டு சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறது. சரி, குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அச்சை 10 பாகைக்குச் சாய்த்தால் எடைக்கல் தொங்கும் கம்பி போய் முக்காலியின் காலில் இடிக்கிறது. கூட வந்த புத்தகத்தில் எல்லாப் படமும் 40 பாகைக்குப் போட்டிருக்கிறது. அதாவது யாரோ வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்துக்குச் செய்த சாமான். கடைசியில் தெரு ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தோம், கீழே சன்மைக்கா தகடு, மூன்று டெஃப்லான் துண்டு, பக்கவாட்டில் இரண்டு வட்டம். 2,200 ரூபாய். தள்ளினால் திரும்புகிறது, விட்டால் நிற்கிறது. வானம் அதேதான், உட்கார்ந்து பார்க்கும் இருக்கையை மட்டும் நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டியிருந்தது.

டிசம்பரில் இன்னொரு தொல்லை, எங்கள் தெருவில் பாதி வீடு கிறிஸ்தவ வீடு, வாசலுக்கு வாசல் ஸ்டார். பெத்லகேமுக்கு வழி காட்டின நட்சத்திரத்தின் நினைவாக மாட்டின 40 வாட் பல்பு எனக்கு ஒரு நட்சத்திரத்தையும் காட்டவிடவில்லை. எங்கள் வீட்டு ஸ்டாரை நானே அணைத்தேன், மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

சரி, வாக்குவாதத்துக்கு வருகிறேன். நான் சி.எஸ்.ஐ. மனைவி வீடு கத்தோலிக்கம், இடைக்காட்டூர்ப் பக்கம் ஒரு கிராமம். மச்சான் ஆறு வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள், மச்சான் மகள் ஒன்பதாம் வகுப்பு, அவளுக்கு 51 பெகாசியைக் காட்டினேன். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரத்தையும் ஒரு கோட்டில் சேர்த்து, நடுவிலிருந்து கொஞ்சம் மேற்கே போனால் ஒரு சாதாரணப் புள்ளி. 50 ஒளியாண்டு. நம் சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வேறொரு கோள் இருக்கிறது என்று முதன்முதலில், 1995இல், மேயரும் கெலோவும் கண்டுபிடித்தது அங்கேதான், 2019இல் நோபல் வாங்கினார்கள். கோள் இந்தக் குழாயில் தெரியாது, எந்த வீட்டுக் குழாயிலும் தெரியாது, ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே "இதைச் சுற்றி ஒன்று நாலேகால் நாளுக்கு ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இன்று இப்படி வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் கணக்கு 6,000ஐத் தாண்டிவிட்டது.

பாப்பா ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "மாமா, அங்க யாராச்சும் இருந்தா அவங்களுக்கும் இயேசு சாமி பொறந்திருப்பாரா?"

அந்தக் கோளில் யாரும் இருக்க முடியாது, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "சரி, வேற கோள்ல" என்றாள்.

மச்சான் உடனே பதில் சொன்னார். "அப்படி யாரும் இல்ல, வேதத்துல இல்ல. இருக்குன்னு காட்டுனா அது விழுந்துபோன தூதர்களோட வேலை மாப்ள." வேதத்தில் இல்லாதது இல்லை என்றால் அமெரிக்கா வேதத்தில் எங்கே இருக்கிறது மச்சான் என்றேன். குதர்க்கத்துக்குச் சொல்லவில்லை, இந்த விவாதம் ஒரு தரம் நிஜமாகவே நடந்து முடிந்திருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் மனிதர்கள் இருப்பார்களா என்ற கேள்விக்கு அகஸ்தீன் இருக்க முடியாது என்றார், காரணம் எல்லா மனிதரும் ஆதாமின் பிள்ளைகள், அத்தனை பெரிய கடலைத் தாண்டி அங்கே போயிருக்க முடியாது. 748இல் போப் சக்கரியா, பூமிக்குக் கீழே வேறு மனிதர்கள் உண்டு என்று ஒரு குரு போதிப்பதாகக் கேள்விப்பட்டு, அது நிரூபணமானால் அவரைக் குருத்துவத்திலிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அப்புறம் 1492. மறுபக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். இவர்கள் உண்மையில் மனிதர்கள்தானா, விசுவாசத்தைப் பெறத் தகுதி உண்டா என்று தகராறு நடந்து, 1537இல் போப் மூன்றாம் பவுல், ஆம், இவர்கள் மனிதர்களே, அடிமையாக்கக் கூடாது என்று ஆணை போட்டார். விசுவாசம் உடையவில்லை. உடைந்தது அந்த மக்களின் வாழ்க்கைதான்.

கிருமி அளவில் உயிர் கிடைத்தால் ஒரு சபையும் அலட்டிக்கொள்ளாது என்பது என் எண்ணம். 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளின் காற்றில் உயிரினம் உண்டாக்கும் ஒரு வாயுவின் தடம் தெரிவதாக கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழு சொன்னபோது, மற்ற விஞ்ஞானிகள்தான் ஒத்துக்கொள்ளாமல் மல்லுக்கு நின்றார்கள், பாதிரியார்கள் இல்லை. அமெரிக்காவில் டெட் பீட்டர்ஸ் என்ற லூத்தரன் இறையியலாளர் நடத்திய கருத்துக்கணிப்பிலும் விசுவாசிகளில் பெரும்பாலோர் "என் நம்பிக்கை ஆடாது" என்றார்கள். "இவர்கள் நம்பிக்கை ஆடிப்போகும்" என்று பயந்தவர்கள் அதிகம் இருந்தது மதம் இல்லாதவர்கள் பக்கம். எங்கள் மாடியிலும் அதேதான், மச்சான் ஆடவில்லை, ஆடினது நான்.

பாப்பாவின் கேள்வி கிருமியைப் பற்றியது இல்லை என்பதால்தான். பேசுகிற, பாவம் செய்கிற, சாகிற ஒரு கூட்டம் அங்கே இருந்தால்? அவர்கள் ஆதாமின் பிள்ளைகள் இல்லை. ஆதாமில் எல்லாரும் மரிக்கிறதுபோல கிறிஸ்துவில் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள் என்று பவுல் சொன்ன கணக்கில் அவர்கள் எந்தப் பத்தியில் வருகிறார்கள்? எபிரெயர் நிருபம் "ஒரேதரம் பலியிடப்பட்டு" என்கிறது, ஒரே தரம். எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்தில் லூத்தரின் தோழர் மெலாங்தன் இதைப் பிடித்துக்கொண்டுதான் 16ஆம் நூற்றாண்டிலேயே பல உலகம் என்ற பேச்சே வேண்டாம் என்றார், கிறிஸ்து பல தரம் மரித்து எழுந்தார் என்று ஆகிவிடும் என்ற பயம். 1794இல் தாமஸ் பெய்ன் அதையே கிண்டலாகத் திருப்பினார்: அப்படியானால் தேவகுமாரன் உலகம் உலகமாகப் போய்ச் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானே.

கத்தோலிக்கப் பக்கம் இதைவிடத் துணிச்சலாக யோசித்தவர்கள் உண்டு. கடவுளால் பல உலகம் படைக்க முடியாது என்று சொல்லக் கூடாது என 1277லேயே பாரிஸ் ஆயர் தடை போட்டார். கூசா ஊர் நிக்கோலஸ் 1440இல் மற்ற விண்பொருள்களிலும் வாசிகள் இருக்கலாம் என்று எழுதினார், பிற்பாடு கர்தினால் ஆனார். (1600இல் புரூனோவை எரித்ததைச் சொல்வீர்கள். அவர் மேல் திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம் என்று பெரிய பட்டியலே இருந்தது, பல உலகம் அதில் ஒன்று. எரித்தது எரித்ததுதான்.) அதே 15ஆம் நூற்றாண்டில் வோரிலாங் என்ற பிரான்சிஸ்கன் துறவி பாப்பாவின் கேள்வியை ஏறக்குறைய அப்படியே கேட்டு, இந்தப் பூமியில் நடந்த ஒரே மரணம் எத்தனை உலகத்தையும் மீட்கப் போதும் என்று பதில் எழுதினார். அவருக்கு முன்பே தாமஸ் அக்குவினாஸ், தேவன் ஒரு மனித இயல்பை ஏற்றதால் இன்னொன்றை ஏற்கும் வல்லமை தீர்ந்துபோகாது என்று சொல்லி வைத்திருக்கிறார். 2008இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஃபூனெஸ் சாமியார் இன்னொரு வழி காட்டினார். நூறு ஆட்டில் காணாமல் போனது ஒன்று என்றால், அந்த ஒன்று நாமாக இருக்கலாம், மற்ற தொண்ணூற்றொன்பதும் மேய்ப்பனோடு பத்திரமாக இருக்கலாம். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, ஆனால் அதை நம்ப மனம் வரவில்லை. பிரபஞ்சத்திலேயே நாம்தான் கெட்டவர்கள் என்பதும் ஒரு வகைப் பெருமைதான்.

பக்கத்து வீட்டு அக்கா சனிக்கோளைப் பார்க்க வந்திருந்தார். (2025இல் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் டிசம்பரில் சனி, கம்பியில் கோத்த மணி மாதிரித்தான் தெரிந்தது. வளையத்துக்காகவே வாங்குகிறவர்கள் இரண்டு மூன்று வருடம் பொறுங்கள்.) எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "இதுல என்னங்க கஷ்டம்? ராமராயர் மண்டபத்துக்கு வாங்க, ஒரே ராத்திரியில எங்க அழகர் தசாவதாரமும் காட்டுவாரு. ஒவ்வொரு உலகத்துக்கும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சு."

அவர் போனபிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்படி முடிந்து போகவில்லை, ஏன் என்று அன்றுதான் எனக்கே புரிந்தது. கிறிஸ்தவத்தில் அந்த உடம்பு ஒரு ராத்திரி அலங்காரம் இல்லை, காரியம் முடிந்ததும் கழற்றி வைக்கவில்லை. உயிர்த்த பிறகும் தோமாவுக்கு அதே காயத்தைத்தான் காட்டினார், காயத்தோடுதான் பரமேறினார். ஒரு தச்சன் வீட்டுப் பிள்ளையின் கையும் காலும் என்றைக்குமாகத் தேவனோடு இருக்கிறது என்பதுதான் எங்கள் விசுவாசத்தின் நெஞ்சு. அப்படியென்றால் இன்னொரு கோளில் இன்னொரு உடம்பு, அதிலும் வேறு காயம்? ஆகாது என்று சொல்ல எனக்கு வசனம் கிடைக்கவில்லை. ஆகும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு" என்ற வசனத்தைப் பாப்பாவுக்குக் காட்டினேன். அது யூதர் அல்லாதவர்களைப் பற்றியது என்று எல்லா விளக்கவுரையும் சொல்லும், சொல்லட்டும், அந்த யூதர் அல்லாதவர்களில் நானும் ஒருவன்.

பொங்கல் லீவுக்குக் குழாயையும் ஆசாரி பெட்டியையும் காரில் ஏற்றி மனைவி ஊருக்குப் போனோம். அங்கே வானமே வேறு. திருப்பாலையில் எண்ணி எடுக்கும் நட்சத்திரம் அங்கே வாரி இறைத்த மாதிரி. என் சின்ன மாமனார் ரிட்டயர்டு வாத்தியார், ஊர் உபதேசியார். எல்லா வாதத்தையும் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்கு மாப்பிள்ள அவ்வளவு தூரம் போகணும்? நோபிலி சாமியப் பாருங்க" என்றார்.

தெரிந்த கதைதான், ஆனால் இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. 1606இல் இத்தாலியர் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வருகிறார். அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் பல வருடம் இருந்தும் ஊர்க்காரர் யாரும் சேரவில்லை, கிறிஸ்தவன் ஆவது என்றால் பரங்கி ஆவது, மாடு தின்பது, சாராயம் குடிப்பது என்று மதுரைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். நோபிலி காவி கட்டி, மரக்கட்டைச் செருப்பு போட்டு, ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் படித்து, தத்துவ போதகர் ஆனார். குடுமி வைக்கலாமா, பூணூல் போடலாமா, சந்தனம் பூசலாமா என்று சொந்த சபைக்குள்ளேயே வழக்கு. கோவாவில் கூட்டம் போட்டார்கள், ரோமுக்குக் கடிதம் போனது, கடிதம் போய்ச்சேரவே மாதக்கணக்கு. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார்.

"அந்தக் காலத்துல ரோமாபுரிக்கு நாமதான் மாப்பிள்ள வேத்துக்கிரகம்" என்றார் மாமா.

எனக்கு ஈக்யூ மவுண்ட் ஞாபகம் வந்தது, சொன்னால் அடிக்க வருவார் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொன்னேன், நோபிலி சாமி திறந்த அதே வாசல் வழியாகத்தான் சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்தது, அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லையே. மாமா மறுக்கவில்லை. 2014இல் போப் பிரான்சிஸ் ஒரு பிரசங்கத்தில், பச்சை நிறத்தில் நீள மூக்கும் பெரிய காதுமாகச் செவ்வாய்க்காரர்கள் வந்து ஞானஸ்நானம் கேட்டால் என்ன செய்வோம் என்று கேட்டார். கதவைச் சாத்த நாம் யார் என்பதுதான் அவர் சொன்னது. ரோமில் சரி. நம்மூரில் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், தேர் எந்தத் தெரு வழியாக வரும், செத்தால் கல்லறையில் சுவருக்கு எந்தப் பக்கம் புதைப்பார்கள்? இறையியல் 50 ஒளியாண்டு போய்விட்டு வந்துவிடும். எங்கள் சபைகளில் சிலதால் அந்தச் சுவரின் மறுபக்கம் போக முடியவில்லை.

ஜனவரியில் வியாழன் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து, நடுராத்திரிக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே நின்றது. இந்தக் குழாய் காசுக்குக் காட்டுவது அதைத்தான். 36 மடங்கில் ஒரு பால் நிறப் பொட்டு, அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் நாலு புள்ளி. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது அதே துணைக்கோள்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்று நகர்ந்திருக்கும். அத்தைக்கு ஸ்டூல் போட்டு ஏற்றிக் காட்டினோம், ஒரு கையில் ஜெபமாலை.

"நாலு குட்டி இருக்கு."

"அதுல ஒண்ணு யூரோப்பா அத்த. மேல பனிக்கட்டி, உள்ள கடல். உயிர் இருக்கலாம்னு ஒரு கப்பலே கிளம்பிப் போயிட்டிருக்கு, 2030ல போய்ச் சேரும்."

"யாராச்சும் இருந்தா பாவம், தண்ணி கெடைக்குதா அவுங்களுக்கு?"

"நம்ம பூமிக் கடல் எல்லாத்தையும் விட அதிகம்னு சொல்றாங்க."

"அப்ப சரி" என்று இறங்கினார். அன்று ராத்திரி ஜெபமாலையில் பத்து மணி உருட்டி அவர்களுக்காகச் சொன்னதாகக் காலையில் காபி கொடுக்கும்போது சொன்னார். அங்கே இருப்பவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களா என்று அவர் கேட்கவே இல்லை.

ஆக, குழாய்க்கு ஐந்தில் நாலு. பெட்டியில் போட்ட பொய்க்கு ஒன்று கழித்தேன், விற்றவரின் சேவைக்கு ஒன்றுமே கிடையாது. மதுரைப் பக்கம் வாங்குகிறவர்கள் ஈக்யூ வேண்டாம், முதலிலேயே பெட்டி இருக்கை உள்ள டாப்சோனியன் கேளுங்கள், இல்லை குழாயை மட்டும் வாங்கி ஆசாரியைப் பிடியுங்கள். மாசிக்கு மேல் புழுதி, கண்ணாடியைத் துடைக்காதீர்கள், ஊதி விடுங்கள். என் ஈக்யூ மவுண்ட் எடைக்கல்லோடு கட்டிலுக்கடியில் புத்தம் புதுசாக இருக்கிறது. சொந்தக்காரர் யாராவது காஷ்மீரில் இருந்தால் சொல்லுங்கள், அங்கே 34 பாகை, கம்பி காலில் இடிக்காது.